லோகியைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்வெல் படங்களைப் பார்த்துவிட்டு லோகியைப் பற்றி எழுதுபவர்கள் முதலில் இடறுவது உறவுமுறையில்தான். நார்ஸ் புராணத்தில், அதாவது பழைய ஸ்காண்டிநேவியப் புராணத்தில், அவன் இடிக்கடவுள் தோரின் தம்பி இல்லை; தோரின் அப்பாவும் கடவுள்களின் தலைவனுமான ஓடினின் வளர்ப்பு மகனும் இல்லை. ஃபார்பவுட்டி என்ற அரக்கனின் மகன். ஓடினோடு ரத்தம் கலந்து சகோதர உறவு பூண்டவன். முறைப்படி பார்த்தால் தோருக்குச் சித்தப்பா!

அடுத்த தவறு, அவனை வெறும் வில்லனாக்குவது. தோரின் மனைவி சிஃப் தலையை லோகி விஷமத்துக்கு மொட்டையடித்துவிடுகிறான். தோர் எலும்பை நொறுக்க வரவும், குள்ளர்களிடம் ஓடிப் பொற்கூந்தல் செய்து வாங்குகிறான். கூடவே ஒரு கப்பலும் ஈட்டியும் கிடைக்கின்றன. அதோடு விட்டானா? ப்ரொக் என்ற இன்னொரு குள்ளனைச் சீண்டி, ‘உன் சகோதரனால் இப்படிச் செய்ய முடியாது’ என்று தன் தலையையே பந்தயம் வைக்கிறான். சகோதரன் உலையில் வேலை செய்ய, ப்ரொக் துருத்தி ஊதுகிறான். ஓர் ஈ வந்து இமையில் கடிக்கிறது. ரத்தம் கண்ணை மறைக்க, துடைப்பதற்குள் துருத்தி நின்றுவிடுகிறது. சகோதரன் செய்துகொண்டிருந்த சுத்தியலின் கைப்பிடி குட்டையானது அதனால்தான். அப்படியும் பந்தயத்தில் ஜெயித்தது அந்தச் சுத்தியல்தான். தலையை வெட்ட வந்த ப்ரொக்கிடம், ‘தலைதான் உனக்கு, கழுத்து இல்லையே’ என்கிறான் லோகி. கடுப்பான ப்ரொக் அவன் உதடுகளைத் தைத்துவிடுகிறான். லோகியின் சேட்டை இல்லாமல் தோரின் கைக்குச் சுத்தியலே வந்திருக்காது.

சரி, அப்படியானால் அவர்கள் ஊர் நாரதர் என்று சொல்லலாமா? கூடாது. நாரதர் கலகம் நன்மையில் முடியும். லோகியோ ஹோட் என்ற பார்வையற்ற கடவுளின் கையில் புல்லுருவிக் கொம்பைக் கொடுத்து, ஓடினின் மகன் பால்டரைக் கொல்ல வைக்கிறான். அதற்கு மீட்சி இல்லை.

நெருப்புக் கடவுள் என்பதும் தப்பு. நெருப்பே உருவாக வருபவன் ‘லோகி’ (Loki) அல்ல, ‘லொகி’ (Logi). இருவருக்கும் சாப்பாட்டுப் போட்டியே நடக்கிறது. லொகி எலும்பையும் தொட்டியையும் சேர்த்து விழுங்கி ஜெயிக்கிறான்.

கடைசியாக, ஆதாரம். இந்தக் கதைகளை எழுதிய ஸ்னோரி ஸ்டுர்லுசன் ஐஸ்லாந்துக்காரர், கிறிஸ்தவர். காலம் சுமார் 1220. ஐஸ்லாந்து மதம் மாறி 200 வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. ஆகவே அவர் சொன்னதெல்லாம் வைக்கிங்குகளின் வேதவாக்கு ஆகிவிடாது. அவரே கட்டிவிட்டது என்று ஒதுக்கவும் முடியாது. டென்மார்க்கின் ஸ்னாப்டூன் கடற்கரையில் 1950-இல் கிடைத்த கல், சுமார் 1000-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதில் மீசை வைத்த ஒரு முகம், உதடுகளின் மேல் தையல் போன்ற கோடுகள். பெயர் பொறிக்கவில்லை என்றாலும் லோகி என்றே ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அந்தக் கல்லின் வேலை, உலைச்சூட்டிலிருந்து துருத்தியைக் காப்பது.