தோட்டத்து ஊரில் தேவனுடைய கிரியையை, அதாவது அவருக்குப் பிரியமான செயலை, செய்வது எப்படி?

முதலில் யோவான் 6:29 வாசியுங்கள். தேவனுக்கேற்ற கிரியை எது என்று கேட்ட ஜனங்களிடம், தேவன் அனுப்பினவரை விசுவாசிப்பதே அது என்றுதான் இயேசு சொன்னார், அதனால் நல்லது செய்து கணக்குக் காட்டி இரட்சிப்பை வாங்கிவிடலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள் (எபேசியர் 2:8-10-ம் இதையே சொல்கிறது).

சரி, அப்புறம்? மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை என்றால், வெட்டிய பழக்குலைகளின் கணக்கைக் கூட்டி எழுதாதீர்கள். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு கிளினிக் போக வண்டி இல்லையா, "ஜெபிக்கிறேன் பாட்டி" என்று சொல்லி நழுவாமல் காரை எடுங்கள்; யாக்கோபு 2:16 கேட்பது இதைத்தான். அவர் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர் என்றால் என்ன? வழியெல்லாம் பிரசங்கம் வேண்டாம், எனக்கு அந்தப் பழக்கமே பிடிக்காது. சபை வாட்ஸ்அப் குழுவில் படம் போடாதீர்கள், வலது கை செய்வதை இடது கை அறியக்கூடாது என்ற மத்தேயு 6:3 ஞாபகமிருக்கட்டும். பெட்ரோல் காசு நீட்டினால் வாங்காதீர்கள்.