என்டிடி (பொருளை உடைக்காமல் சோதிக்கும்) கம்பெனியை விற்கப் போகிறீர்களா? எதை முதலில் செய்வது?

கோயம்புத்தூரில் குறிச்சி சிட்கோவிலோ கணபதியிலோ ஒரு ஷெட், இரண்டு அல்ட்ராசோனிக் மிஷின், விரிசல் கண்டுபிடிக்க ஒரு காந்த யோக், ஐந்து பையன்கள், பவுண்டரி காஸ்டிங்கையும் சாயப்பட்டறை பாய்லரையும் சோதித்து ரிப்போர்ட் கொடுக்கும் பிழைப்பு. மகன் பெங்களூரிலேயே வீடு வாங்கிவிட்டான், இனி வர மாட்டான். விற்கலாம் என்று தோன்றினால் நான் பட்டதை வைத்துச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் விலை போட உட்காராதீர்கள். ஒரு மாதம் ஆபீசுக்குப் போகாமல் இருந்து பாருங்கள். எனக்கு இரண்டாம் நாளே போன்: "அண்ணா, இந்த வால்வு பாடி கனமா இருக்குதுங்க, எந்த புரோப் (அல்ட்ராசோனிக் மிஷினின் சென்சார்) போடறது?" அடுத்தது, "உங்க கையெழுத்து இல்லாம ரிப்போர்ட் வாங்க மாட்டேங்கறாங்க." இப்படி வரும் ஒவ்வொரு போனும் விலையில் ஒரு வெட்டு. நீங்கள் இல்லாமல் ஓடும் வேலைக்குத்தான் வாங்குபவர் பணம் கொடுப்பார். ஆகவே புரோப், கேலிபரேஷன், எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்ற அளவு எல்லாவற்றையும் எழுதி வையுங்கள், ஒரு பையனுக்காவது கையெழுத்துப் போடும் தகுதியை வரவழையுங்கள்.

அடுத்தது, எந்தக் காகிதம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்ப்பது. பலரும் வழுக்குவது இங்கேதான். தனிநபர் கம்பெனி என்றால் ஜிஎஸ்டி எண் உங்கள் பான் எண்ணோடு ஒட்டியது, வாங்குபவருக்குப் போகாது. எஸ்என்டி-டிசி-1ஏ முறையில் (முதலாளியே தன் ஆளுக்குத் தகுதிச் சான்று கொடுக்கும் முறை) நீங்கள் கொடுத்த லெவல் டூ சான்றிதழ், பையன் உங்களிடம் வேலையில் இருக்கும் வரைதான் செல்லும். புது முதலாளி தன் பெயரில் மறுபடி கொடுக்க வேண்டும். என்ஏபிஎல் (சோதனைக் கூடங்களை அங்கீகரிக்கும் அமைப்பு) அங்கீகாரம் இருந்தால் அவர்களுக்கும் உரிமை மாற்றத்தை எழுதித் தெரிவிக்க வேண்டும். பிரைவேட் லிமிடெட் ஆக இருந்து பங்குகளை மாற்றிக் கொடுத்தால் பாதித் தலைவலி குறையும்.

ரேடியோகிராபி (கதிர்வீச்சால் படமெடுத்துச் சோதிப்பது) செய்கிறவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். ஏஇஆர்பி (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) அனுமதி இல்லாமல் சோர்ஸ், அதாவது கதிர்வீச்சு தரும் பொருள், கைமாறக் கூடாது, வாங்குபவரிடம் அவருக்கான லைசென்சும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியும் இருக்க வேண்டும். சோர்ஸாக வைத்திருக்கும் இரிடியம்-192க்குப் பெரிய விலையும் வைக்காதீர்கள், அதன் கதிர்வீச்சு தானாகவே குறைந்துகொண்டே போகும். 40 கியூரி (கதிரியக்க அளவு) வாங்கினால் சுமார் 74 நாளில் 20, இன்னொரு 74 நாளில் 10. பேரம் முடிவதற்குள் பாதி போயிருக்கும்.

அப்புறம் கணக்கு. உதாரணத்துக்கு வருட லாபம் 18 லட்சம் என்று வையுங்கள், அதில் உங்களுக்குச் சம்பளம் எழுதியிருக்க மாட்டீர்கள். உங்கள் இடத்தில் ஒரு லெவல் த்ரீ (மேல்மட்டத் தகுதி) ஆளை வைத்தால் 9 லட்சம் ஆகும் என்றால் உண்மையான லாபம் 9தான், விலை அதிலிருந்துதான் கிளம்பும். பழைய பாக்கி தனி. சிறுதொழில் சட்டம் 45 நாளுக்குள் பணம் கொடுக்கச் சொன்னாலும் நம்ம ஊரில் 90, 120 என்று இழுப்பது உங்களுக்குத் தெரியாததா? விற்பனைத் தேதிக்கு முந்தைய பில் எல்லாம் உங்களுக்கு என்று தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஆள் பார்க்கும்போது நான் செய்த முட்டாள்தனம் இது. வாங்க வந்ததாகச் சொன்ன ஒருவரிடம் டீ குடித்துக்கொண்டே கஸ்டமர் பெயரோடு ரேட் லிஸ்ட்டையும் நீட்டிவிட்டேன். அவர் திரும்ப வரவில்லை, அடுத்த மாதமே இரண்டு பவுண்டரியில் என் ரேட்டுக்குக் கீழே கொட்டேஷன் போயிருந்தது. ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிய பிறகும் கஸ்டமரை ஏ, பி, சி என்றே காட்டுங்கள், பெயர்கள் அட்வான்ஸ் கைக்கு வந்த பின்னால்.

விற்பதை ஓடுகிற தொழிலாக மொத்தமாக விற்பது நல்லது. அப்படி விற்றால் ஜிஎஸ்டி விலக்கு உண்டு, மீதி உள்ளீட்டு வரியை ஐடிசி-02 படிவத்தில் வாங்குபவருக்கு மாற்றலாம். மிஷின் மிஷினாக பில் போட்டால் வரி விழும். வருமான வரிக் கணக்கை ஆடிட்டரிடம் முன்னாடியே போட்டுப் பாருங்கள். ஒரு பங்கு பணத்தை ஆறு மாதம் நிறுத்தி வைப்பேன் என்பார்கள், அது வழக்கம்தான், ஆனால் எது நடந்தால் கொடுப்பார் என்று எழுத்தில் இருக்கட்டும். ஆடியில் பேசிக்கொண்டிருங்கள், யாரும் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார்கள், ஆவணியில் கையெழுத்து.

கடைசியாக உங்கள் செல் நம்பரையும் கேட்பார்கள். இருபது வருட கஸ்டமர் எல்லாம் அந்த நம்பருக்குத்தான் கூப்பிடுவார்கள். கொடுத்துவிடுங்கள், ஆனால் அதற்கு முன்னால் பேங்க்கிலும் ஆதாரிலும் புது நம்பரை மாற்றிக்கொள்ளுங்கள். நான் மாற்ற மறந்து, இரண்டு வாரம் ஓடிபிக்காக வாங்கியவர் ஆபீஸ் வாசலில் நின்றேன்.