கிடாய்க்குத் தவிட்டை அள்ளிப் போடுகிறவர்களுக்கு

சேலம் மாவட்டத்தில் புதிதாகப் பரண் அமைத்து ஆடு வளர்க்க வருகிறவர்களுக்குக் கொட்டகையைப் பற்றியும் தடுப்பூசியைப் பற்றியும் சொல்ல ஆள் இருக்கிறது. கால்சியம், பாஸ்பரஸ் போன்ற தாது உப்புகளின் கணக்கைத்தான் எவரும் சொல்வதில்லை. அதில் நடக்கும் தவறுகள் இவை.

தவிட்டை நம்பிக் கிடாய் வளர்ப்பது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. கொங்கணாபுரம் ஆட்டுச் சந்தை கூடுவதற்குள் எடை ஏற்ற வேண்டும் என்று கோதுமைத் தவிடும் மக்காச்சோளமும் வேளாவேளைக்கு வைக்கிறார்கள், தழை பெயருக்குத்தான்.

தீவனத்தில் பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் இரண்டு பங்கு இருக்க வேண்டும். தவிட்டில் இது தலைகீழ். வளரும் குட்டிக்குக் கால்சியம் போதாவிட்டால் உடல் அதை எலும்பிலிருந்தே எடுக்கும், கால் வலுவிழக்கும். தழையை அசைபோடும்போது மிகுதிப் பாஸ்பரஸ் உமிழ்நீரோடு குடலுக்குப் போய்ப் புழுக்கையில் கழிந்துவிடும். தவிட்டை மெல்ல வேண்டியதில்லை, உமிழ்நீரும் குறைவு. அந்தப் பாஸ்பரஸ் சிறுநீரில் இறங்கிக் கல்லாகிறது. பெட்டைக்கு மூத்திரக் குழாய் அகலம், கல் வெளியேறிவிடும். கிடாய்க்கோ குழாய் நெளிந்து குறுகியது. இளம் வயதிலேயே காயடித்திருந்தால் இன்னும் குறுகல்.

ஓமலூர்ப் பக்கம் ஒரு தம்பி, "மலச்சிக்கல் அண்ணா, விளக்கெண்ணெய் ஊற்றியிருக்கிறேன்" என்றான். போய்ப் பார்த்தால் சேலம் கருப்புக் கிடாய், பின்னங்கால்களை நீட்டி நின்று முக்கிக்கொண்டிருந்தது. குறியின் முனை மயிரில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. விரலில் தேய்த்தால் நறநறத்தது. உடனே மருத்துவரிடம் கொண்டுபோகச் சொன்னேன். "காலையில் பார்க்கலாம்" என்றான். காலையில், "முக்குவது நின்றுவிட்டது, தேறிவிட்டது" என்று மகிழ்ச்சியோடு போன் செய்தான். மூத்திரப்பை வெடித்தாலும் முக்கல் அப்படிச் சட்டென்று நிற்கும். வயிறு உப்பிச் செத்தது.

மூத்திரம் சொட்டுச் சொட்டாகப் போனால் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். குறி நுனியில் உள்ள சிறு நீட்சியில் கல் சிக்கியிருந்தால், அதை அவர் வெட்டிவிட்டாலே சில கிடாய்கள் பிழைக்கும். நிலைமை அந்த அளவுக்குப் போகும் முன்பே அகத்தி, வேலிமசால் என்று தழையைக் கூட்டுங்கள், தவிட்டைக் குறையுங்கள். தவிடும் தானியமும் கலந்த அடர்தீவனத்தில் சுண்ணாம்புக்கல் தூள் எவ்வளவு சேர்க்கலாம் என்று மருத்துவரிடமே கேளுங்கள்.

மாட்டுத் தாது உப்பைச் செம்மறிக்கு வைப்பது

கூடவே கூடாது. அதில் தாமிரம் அதிகம். செம்மறியின் கல்லீரல் அதைச் சேர்த்து வைத்துக்கொண்டே போகும். பிறகு ஒருநாள் ரத்த அணுக்கள் உடைந்து, மூத்திரம் கருஞ்சிவப்பாகப் போய் ஆடு சாகும். மேச்சேரி இனச் செம்மறி வைத்திருப்பவர்களுக்குப் பொட்டனேரியில் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது, கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நிறைசினை மாட்டுக்குக் கால்சியம் ஊற்றுவது

வெளியிலிருந்தே கால்சியம் கிடைத்துப் பழகிய உடல், எலும்பிலிருந்து அதை எடுக்கத் தயாராக இருக்காது. ஈன்றதும் பால் காய்ச்சல் வரலாம், அதாவது ரத்தத்தில் கால்சியம் இறங்கி மாடு படுத்துவிடும்.

உப்பும் தண்ணீரும் குறைவது

தண்ணீர் குறைந்தால் மூத்திரம் கெட்டியாகிக் கல் சேரும். உப்பு நக்கினால் ஆடு கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும், அதனால் உப்புக் கட்டியைத் தொங்கவிடுங்கள். தொட்டி காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.