பழைய லேண்ட் ரோவரில் ஸ்விவல் பேரிங் மாற்றும்போது தவிர்க்க வேண்டியவை

சீரிஸ் 2ஏ, சீரிஸ் 3 லேண்ட் ரோவரின் முன் ஆக்சிலில் கை வைத்ததும் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "அந்த ரைல்கோ புஷ்ஷைக் கழற்றிப் போட்டுவிட்டு மேலேயும் டேப்பர் ரோலர் பேரிங் போடு, ஸ்டியரிங் பஞ்சு மாதிரி ஆகிவிடும்." ஸ்டியரிங் லேசாகும் என்பது உண்மைதான். ஆனால் பெரிய தவறு தொடங்குவதும் அங்கேதான்.

இந்த வண்டிகளில் ஸ்விவல் (ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரத்தோடு திரும்பும் மூட்டு) கீழ்ப்பக்கம் டேப்பர் ரோலர் பேரிங்கிலும், மேல்பக்கம் பிசின் ஊட்டிய துணியாலான ரைல்கோ புஷ்ஷிலும் திரும்புகிறது. மேல் பின்னை (ஸ்விவல் திரும்பும் அச்சுக் கம்பியை) அந்த புஷ் இறுக்கிப் பிடிப்பதால் ஓர் உராய்வு உண்டாகிறது. பள்ளத்தில் சக்கரம் அடிபடும்போது ஸ்டியரிங் உதறாமல் அடக்குவது அந்த உராய்வுதான். புஷ்ஷை எடுத்துவிட்டு ரோலர் போட்டால் அந்த அடக்கமும் போய்விடும். வேகத்தில் ஒரு குழியில் இறங்கி ஏறினாலே இரண்டு முன்சக்கரங்களும் படபடவென்று ஆடத் தொடங்கி, வண்டியை ஏறக்குறைய நிறுத்தும் வரை ஆட்டம் அடங்காது. பின்னாளைய டிஃபெண்டரில் ரோலர் பேரிங் ஒழுங்காக ஓடுகிறதே என்று கேட்கலாம். அதில் ஸ்டியரிங் டேம்பரும் (உதறலை அடக்கும் ஷாக் அப்சார்பர்) இருக்கிறது. ரோலருக்கு மாறுகிறவர்கள் டேம்பரையும் சேர்த்தே பொருத்த வேண்டும். அது முடியாதென்றால் புது ரைல்கோ புஷ்ஷே போட்டுவிடுங்கள். மலையகத் தோட்டப் பாதை மாதிரி கரடுமுரடான வழியில் ஓடும் வண்டிக்கு அதுவே மேல் என்பது என் கருத்து.

ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமலே ஸ்விவலைப் பிரிப்பது அடுத்த தவறு. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடுகிறதா? இன்னொருவரை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் கோளாறு வீல் பேரிங்கில், நிற்காவிட்டால்தான் ஸ்விவலில். டிராக் ராட் (இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் கம்பி) பால் ஜாயிண்ட், ஸ்டியரிங் ரிலே (ஸ்டியரிங் அசைவைச் சக்கரப் பக்கம் கடத்தும் இடை அச்சு) இரண்டையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

அதிகம் பேர் கோட்டை விடுவது ப்ரீலோடில், அதாவது பேரிங்கைப் பூட்டும்போதே இறுக்கிவைக்கும் அளவில். "கைக்கு இறுக்கமாகத்தான் இருக்கிறது" என்று மூடிவிடுகிறார்கள். மேல் பின்னுக்கு அடியில் உள்ள சிம்மை (மெல்லிய உலோகத் தகட்டை) எடுத்தால் இறுகும், சேர்த்தால் தளரும். இதை அளக்க, பழைய பேப்பர் வாங்குகிறவர் வைத்திருக்கும் ஸ்பிரிங் தராசு போதும். டிராக் ராடைக் கழற்றி, ஆக்சில் ஷாஃப்டை வெளியே எடுத்து, ஆயில் சீலைப் பொருத்தாமல், ஸ்டியரிங் ஆர்மின் கண்ணில் கொக்கியை மாட்டி, ஆர்முக்குச் செங்குத்தாக ஒரே சீராக இழுங்கள். முதல் வெட்டில் தராசு காட்டுவதை விட்டுவிடுங்கள். ஸ்விவல் திரும்பிக்கொண்டிருக்கும்போது காட்டுவதுதான் கணக்கு. பின்னாளைய டிஃபெண்டரின் ரோலர் பேரிங்குக்கு இது சுமார் 1.2 முதல் 1.5 கிலோ. ரைல்கோவுக்கு அதைவிடப் பல மடங்கு இழுக்க வேண்டும். இந்த இரண்டு அளவையும் மாற்றிப் போட்டால் ஒன்று பேரிங் நசுங்கும், இல்லையென்றால் ஸ்டியரிங் உதறும். உங்கள் மாடலுக்கான ஒர்க்‌ஷாப் மேனுவலில் உள்ள எண்ணையே வையுங்கள். சீலோடு அளந்தால் அதன் இழுவையும் சேர்ந்துவிடும், அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

பேரிங்கை மட்டும் மாற்றி, பழைய வெளிவளையத்தை விட்டுவைப்பதும் வேண்டாம். இந்த பேரிங் முழுச் சுற்று சுற்றுவதே இல்லை. நேர்ச்சாலையில் ரோலர்கள் ஒரே இடத்தில் நின்று அடி வாங்கி, வளையத்தில் கோடு கோடாகப் பள்ளம் விழுந்திருக்கும். விரல் நகத்தால் வருடினாலே தட்டுப்படும். அதன்மேல் புது பேரிங் போட்டால், ஸ்டியரிங் நேராக வரும்போது 'டக்'கென்று பிடித்து நிற்கும். புது வளையத்தைச் சாய்வாக அடித்து இறக்காதீர்கள். பழைய வளையத்தின் வெளி ஓரத்தைச் சற்று உரசிக் குறைத்து, அதையே மேலே வைத்துத் தட்டினால் நேராக உட்காரும். வளையம் அடிவரை இறங்கி உட்கார்ந்ததும் தட்டும் சத்தம் மாறும்.

பெரிய ஆயில் சீலையும் அதைப் பிடிக்கும் வளையத்தையும், பந்தை (ஸ்விவல் உறைக்குள் இருக்கும் குரோம் பூசிய உருண்டையை) ஆக்சில் குழாயில் போல்ட் போடுவதற்கு முன்பே பந்தின் பின்பக்கமாக மாட்டிவிட வேண்டும். மறந்தால் எல்லாவற்றையும் மறுபடி பிரிக்க வேண்டியதுதான். சீலை வெட்டி மாட்டும் குறுக்குவழி வேண்டாம், ஒழுகும். பந்தின் குரோம் பூச்சு உரிந்து துரு பிடித்திருந்தால் புது சீலையும் அது சீக்கிரமே அறுத்துவிடும், பந்தையும் மாற்றுங்கள்.

ஒழுகுகிறதே என்று வீல் பேரிங் கிரீஸை ஸ்விவலுக்குள் அடைப்பவர்கள் உண்டு. ஆக்சில் ஷாஃப்ட் சுற்றும் வேகத்தில் கெட்டி கிரீஸ் ஓரத்துக்கு ஒதுங்கி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். நடுவிலுள்ள ஆக்சில் ஷாஃப்ட் ஜாயிண்ட் காய்ந்துபோகும். இபி 90 ஆயில், அல்லது ஸ்விவலுக்கென்றே வரும் குழைவான கிரீஸ் ஊற்றுங்கள். மேல் பேரிங்குக்கு ஆயில் தெறித்துத்தான் எட்ட வேண்டும் என்பதால், பூட்டும் முன்பே கையால் கிரீஸ் தடவிவிடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றிவிட்டு ஓட்டாதீர்கள், இரு பக்கமும் ஒரே இழுவையில் இருக்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் சக்கரத்தை மறுபடி தூக்கி ஆட்டிப் பாருங்கள். வளையம் இன்னும் சற்றுக் கீழே உட்கார்ந்திருந்தால் ஆட்டம் தெரியும். ஒரு மெல்லிய சிம்மை எடுத்து, தராசால் மறுபடி அளந்து, மேல் பின்னின் போல்ட்டுகளுக்கு லாக் வாஷரைப் புதிதாகப் போட்டு மடக்கிவிடுங்கள்.