பதிவேட்டில் எல்லோருக்கும் 120/80: ஆரம்ப சுகாதார ஆய்வுகளில் திரும்பத் திரும்ப நடக்கும் பிழைகள்

120/80. அதற்குக் கீழே 130/80. மறுபடியும் 120/80. பிறகு 140/90, உடனே இரண்டு 120/80. ஒரு துணை சுகாதார நிலையத்தின் தொற்றா நோய்ப் பதிவேட்டில் ரத்த அழுத்தத்துக்கான கட்டம் ஒரு பக்கம் முழுக்க இப்படித்தான் இருந்தது. அதை அப்படியே கணினியில் ஏற்றி, சராசரி எடுத்து, தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் வரை துல்லியம் காட்டிய முதுநிலை மாணவர் ஒருவரின் ஆய்வேட்டைத் திருத்தும் வேலை எனக்கு வந்தது. கணக்கில் ஒரு பிழையும் இல்லை. கணக்குக்குள் போன எண்தான் கோளாறு.

பாதரசக் கருவியில் அளவுக்கோடு 2 மி.மீ. இடைவெளியில் இருக்கும். ஒழுங்காக அளந்தால் கடைசி இலக்கம் 0, 2, 4, 6, 8 என்று ஏறத்தாழ சமமாகப் பரவ வேண்டும். சுழியில் முடிவது ஐந்தில் ஒன்றாக இருக்க வேண்டும். பத்தில் ஒன்பது சுழியில் முடிந்தால், பார்த்து எழுதியதைவிட முழுமையாக்கி எழுதியதே அதிகம் என்று பொருள். தானியங்கிக் கருவி என்றால் ஒற்றைப்படை எண்களும் வர வேண்டும். பகுப்பாய்வைத் தொடங்குமுன் கடைசி இலக்கங்களை எண்ணிப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தை ஒதுக்குபவர்கள் குறைவு.

இதற்குக் கிராம சுகாதாரச் செவிலியரைக் குறை சொல்லிப் பயனில்லை. தடுப்பூசி, கர்ப்பிணிகள் பதிவு, குடும்ப நலம், மேலிடத்துக்கு மாதாந்திர அறிக்கை என்று அவர் மேசையில் பதிவேடுகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். அவை நம் ஆய்வுக்காக எழுதப்பட்டவை அல்ல. வேலை நடந்தது என்று காட்டுவதற்காக எழுதப்பட்டவை. அந்த வேறுபாட்டை மறந்தால் முதல் பிழை அங்கேயே நடந்துவிடுகிறது. எந்தப் பதிவேட்டையும் எடுக்கும் முன் ஒரு நாள் முழுவதும் அதை எழுதுபவர் அருகில் உட்கார்ந்து பாருங்கள். எந்தக் கட்டம் நோயாளி எதிரில் இருக்கும்போது நிரம்புகிறது, எது மாலையில் நிரம்புகிறது, எது மாதக் கடைசியில் ஒரே மையில் நிரம்புகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தது, எனக்கு மிகவும் எரிச்சல் மூட்டும் பிழை: பின்னத்தின் கீழே நிற்கும் எண். பள்ளியில் தொகுதி, பகுதி என்று படித்தோமே, அந்தப் பகுதி.

ஒரு துணை சுகாதார நிலையம் சமவெளியில் 5,000 பேருக்கு என்பது விதி. அந்த எல்லைக்குள் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் 750 பேர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பதிவேட்டில் பெயர் இருப்பவர்கள் 400. இந்த மாதம் மாத்திரை வாங்கியவர்கள் 250. அளந்து பார்த்ததில் கட்டுக்குள் இருப்பவர்கள் 150. மாத்திரை வாங்கியவர்களைக் கொண்டு வகுத்தால் 60 சதவீதம். பதிந்தவர்களைக் கொண்டு வகுத்தால் 37.5. நோய் உள்ளவர்கள் அனைவரையும் கொண்டு வகுத்தால் 20. மூன்றும் சரியான கணக்குதான். ஆனால் முதல் எண்ணை எடுத்துக்கொண்டு ‘இப்பகுதியில் 60 சதவீதம் பேருக்கு ரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் உள்ளது’ என்று எழுதும்போது அது பொய்யாகிவிடுகிறது.

தமிழ்நாட்டில் 2020இல், தொற்றா நோய்களை அளக்க உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறையில், வீடு வீடாக நடந்த ஸ்டெப்ஸ் ஆய்வு, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும், நீரிழிவு உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருப்பதாகச் சொன்னது. இங்கே வகுக்கும் எண், நோய் உள்ளவர்கள் அனைவரும். தனக்கு நோய் இருப்பதே தெரியாதவரும் அதில் அடக்கம். ஒரு நிலையத்தின் வெளிநோயாளிகளிடம் கிடைத்த 60 சதவீதத்தை இந்த 7.3இன் பக்கத்தில் வைத்து, ‘மாநில சராசரியைவிட எட்டு மடங்கு மேல்’ என்று எழுதினால், மாங்காயையும் தேங்காயையும் ஒரே தராசில் நிறுத்த கதைதான்.

வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அதன்பிறகு நடந்த இரண்டாம் சுற்று ஸ்டெப்ஸ் ஆய்வில் கட்டுப்பாட்டு விகிதங்கள் உயர் ரத்த அழுத்தத்தில் 17, நீரிழிவில் 16.7 சதவீதம் என்று உயர்ந்தன. நல்ல செய்தி, ஐயமில்லை. ஆனால் முன்பு, பின்பு என்று இரண்டு எண்களை வைத்துக்கொண்டு இடையில் உள்ள உயர்வு முழுவதையும் ஒரே திட்டத்தின் கணக்கில் எழுத முடியாது. இடையில் கொரோனா வந்தது. நிலையங்களுக்கு வரப் பயந்தவர்கள் பிறகு திரும்பி வந்தார்கள். தனியார் மருத்துவரிடமே மாத்திரை வாங்குபவர்களும் அதே 17க்குள்தான் இருக்கிறார்கள். வீட்டுக்கு மாத்திரை வந்தவர்களையும் வராதவர்களையும் பிரித்துப் பார்த்த பிறகே திட்டத்தின் பங்கைப் பற்றிப் பேசலாம்.

இன்னொரு பொறியும் உண்டு. முகாமில் ரத்த அழுத்தம் 170 காட்டியவரைத் திட்டத்தில் சேர்க்கிறோம். மூன்று மாதம் கழித்து 150 காட்டுகிறார். மாத்திரை ஒன்றையுமே விழுங்காதிருந்தாலும் அவருக்கு ஓரளவு குறைந்திருக்கும். ஏனென்றால் அளவு உச்சத்தில் இருந்த நாளில் பிடித்துத்தான் அவரைச் சேர்த்தோம். மறுமுறை அளக்கும்போது அது வழக்கமான இடத்துக்கு இறங்கிவருவது இயல்பு. ஒப்பிட இன்னொரு குழு இல்லாமல் இந்த இறக்கத்தை மருந்தின் வெற்றி என்று எழுதிய ஆய்வேடுகள் நம் கல்லூரி நூலகங்களில் ஏராளம்.

பிரசவ ஆய்வுகளுக்கு வருவோம். ‘ஆரம்ப சுகாதார நிலையத்தில் தாய் இறப்பே இல்லை, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அதிகம், ஆகவே கீழ்நிலையில் தரம் நன்றாக இருக்கிறது’ என்று ஒருவர் ஆய்வரங்கில் வாசித்தார். ரத்தப்போக்கோ வலிப்போ வந்த தாயை 108 வண்டியில் ஏற்றி, பெரிய மருத்துவமனைகளில் அவசர மகப்பேற்றுச் சிகிச்சை தரும் சீமாங் மையத்துக்கு அனுப்புவதுதான் நம் ஏற்பாடு. இறப்பு மேலே நடக்கிறது. அதன் காரணம் கீழேயும் இருக்கலாம், வழியிலும் இருக்கலாம். எங்கே இறந்தார் என்பதை வைத்து மட்டும் தரத்தை அளந்தால், யாரையும் அனுப்பாமல் கடைசி நிமிடம் வரை வைத்திருந்த நிலையமும் சரியான நேரத்தில் அனுப்பிய நிலையமும் ஒரே வரிசையில் நின்றுவிடும்.

மாவட்டங்களுக்குத் தர வரிசை போடும் ஆசையும் இங்கேதான் சறுக்குகிறது. 2018-20இல் தமிழ்நாட்டின் தாய் இறப்பு விகிதம் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 54. ஆண்டுக்கு 15,000 பிறப்பு உள்ள மாவட்டத்தில் இந்தக் கணக்குப்படி எட்டு இறப்பு எதிர்பார்க்கலாம். ஒரு வருடம் ஐந்து, மறு வருடம் பதினொன்று என்று வருவது வெறும் தற்செயலாகவே நடக்கும். ‘இரு மடங்கு உயர்வு’ என்று நாளிதழ் தலைப்புப் போடும், அதிகாரிக்கு விளக்கக் கடிதம் போகும். மாநில அளவிலேயே மூன்று ஆண்டுகளைச் சேர்த்துத்தான், பிறப்பு இறப்புகளைக் கணக்கெடுக்கும் மத்திய அரசின் மாதிரிப் பதிவுத் திட்டம் இந்த விகிதத்தை வெளியிடுகிறது. ஒரு மாவட்டத்தின் ஓராண்டை மட்டும் வைத்து நாம் என்ன துணிச்சலில் முடிவு எழுதுகிறோம்?

தேசிய குடும்ப நல ஆய்வு ஐந்தாம் சுற்றில் தமிழகத்தின் சிசேரியன் 44.9 சதவீதம், தனியாரில் 63.8, அரசில் 36. இதை ‘2021 நிலவரம்’ என்று மேற்கோள் காட்டுகிறார்கள். அது கணக்கெடுப்புக்கு முந்தைய ஐந்தாண்டுப் பிறப்புகளைப் பற்றியது. கணக்கெடுப்போ ஊரடங்குக்கு முன்பாதி, பின்பாதி என இரண்டு துண்டாக நடந்தது. போதாக்குறைக்கு ‘அரசு’ என்ற அந்த ஒரே கட்டத்துக்குள் கிராமத்து நிலையமும் மதுரை இராசாசி மருத்துவமனையும் சேர்ந்தே இருக்கின்றன. ஆரம்ப சுகாதாரத்தைப் பற்றி எழுதுபவருக்கு அந்த 36 எதையும் சொல்லாது.

வினாத்தாள் விஷயத்தைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். யாரும் பிழை என்றே கருதாத பிழை அது. ஆங்கிலத்தில் தயாரித்து, தமிழாக்கி, ‘மொழிபெயர்ப்பு சரிபார்க்கப்பட்டது’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ‘உங்களுக்கு உயர் இரத்த அழுத்தம் உள்ளதா?’ என்று கேட்டால் ஒரு பாட்டி இல்லை என்பார். ‘பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறீர்களா, பாட்டி?’ என்றால், ‘தினமும் காலையில் ஒன்று’ என்பார். பிரஷர் இருக்கிறதா என்று கேட்டாலும் சிலர் இல்லை என்பார்கள். மாத்திரை சாப்பிட்டுச் சரியாகிவிட்டது என்பது அவர்கள் கணக்கு. சுகாதாரம் என்ற சொல்லைக் கேட்டவுடன் பலருக்கு நினைவு வருவது சாக்கடையும் குப்பையும்தான், உடல்நலம் அல்ல. ‘சுகாதாரச் செலவு எவ்வளவு?’ என்று கேட்டுப் பினாயில் விலையை எழுதிக்கொண்டு வந்தவரை நான் பார்த்திருக்கிறேன்.

‘ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனீர்களா?’ என்பதும் அப்படித்தான். ஊரில் அது கவர்மெண்ட் ஆஸ்பத்திரி. தாலுகா மருத்துவமனையும் அதே பெயர்தான். மாவட்டத் தலைமை மருத்துவமனை மட்டும் பெரியாஸ்பத்திரி. கிராம சுகாதாரச் செவிலியர் நர்ஸம்மா. அந்தந்த ஊரில் கட்டடத்தின் அடையாளத்தைச் சொல்லி, ‘பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அங்கேயா?’ என்று கேட்டால்தான் விடை சரியாக வரும். பத்துப் பேரிடம் முன்னோட்டமாகக் கேட்டு, ‘இந்தக் கேள்வியை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள்?’ என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு வினாத்தாளும் அதற்குப் பிறகு பழைய வடிவில் இருக்காது.

கேட்கும் இடமும் நேரமும் விடையை மாற்றும். காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை நிலையத்து வாசலில் நின்று கேட்டால், கூலி வேலைக்குப் போனவர் உங்கள் மாதிரியில் இல்லை. மருந்துக்கடையில் நேராக மாத்திரை வாங்குபவரும் இல்லை. வந்தவர்களும், செவிலியர் காதில் விழும் தூரத்தில் நின்றுகொண்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். நாளைக்கும் அங்கேதானே வர வேண்டும். ‘திருப்தி 94 சதவீதம்’ என்ற வகை முடிவுகளை நான் படிப்பதையே நிறுத்திவிட்டேன். செலவைக் கேட்டால் ‘ஒன்றும் இல்லை, இலவசம்’ என்பார்கள். ஆட்டோவுக்கு எவ்வளவு, அன்றைக்குக் கூலி போயிற்றா, கூட வந்த மகளுக்கும் போயிற்றா என்று துண்டு துண்டாகக் கேட்டால் வேறொரு கணக்கு வரும்.

மருந்து இருப்பு ஆய்வுகளில் ஒரு நாள் அலமாரியைப் பார்த்து ‘இருக்கிறது, இல்லை’ என்று குறிப்பது வீண். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஒவ்வொரு நிலையத்துக்கும் பாஸ்புக் கொடுத்திருக்கிறது. ஒதுக்கப்பட்ட தொகைக்குள் மாவட்டக் கிடங்கிலிருந்து எப்போது எவ்வளவு எடுத்தார்கள் என்று அதில் இருக்கும். இருப்புப் பதிவேட்டையும் அதையும் சேர்த்துப் பார்த்தால், ஆண்டில் எத்தனை நாள் நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மின் தீர்ந்திருந்தது என்று சொல்ல முடியும்.

நெறிமுறைக் குழு அனுமதியைத் தரவு சேகரித்த பிறகு வாங்க முயல்வது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆய்வை எந்த நல்ல இதழும் தொடாது.

பரிந்துரைகள் என்ற கடைசி அத்தியாயத்தில்தான் பெரும்பாலோர் களைத்துப்போகிறார்கள். ‘மக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்’, ‘காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டும்’. ஆய்வே செய்யாமல் இவற்றை எழுதலாம். கொள்கை என்பது இங்கே அரசாணையாக, சுற்றறிக்கையாக, பட்ஜெட் தலைப்பாக இருக்கிறது. எந்த அரசாணையில் எந்த வரி மாற வேண்டும், யார் கையெழுத்துப் போட வேண்டும், வட்டார மருத்துவ அலுவலர் தம் அதிகாரத்திலேயே எதைச் செய்துவிடலாம் என்று எழுதுங்கள். மாத்திரையை மாதத்துக்கு ஒருமுறை கொடுப்பதா, இரண்டு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுப்பதா என்ற ஒரு கேள்விக்கு உருப்படியான விடை கிடைத்தாலே ஓர் ஆய்வேட்டுக்குப் போதும்.

அச்சுக்குப் போகும் முன் முடிவுகளை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி, தரவு கொடுத்த நிலையத்தில் வாசித்துக் காட்டுவது என் வழக்கம். ஒருமுறை அப்படி வாசித்தபோது செவிலியர் கையைத் தூக்கினார். நான் மக்கள்தொகையில் சேர்த்திருந்த இரண்டு குக்கிராமங்கள் பக்கத்துத் துணை நிலையத்தின் எல்லையில் இருந்தன. வகுக்கும் எண் தவறு. நாற்பது பக்கக் கணக்கை மறுபடி போட்டேன்.