போர்ன்வில்லில் வீடு பார்க்கிறீர்களா?

பர்மிங்காமில் குயின் எலிசபெத் மருத்துவமனையிலோ பல்கலைக்கழகத்திலோ வேலை கிடைத்து வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் செல்லி ஓக்கில்தான் வீடு காட்டுவார்கள். அது மாணவர்கள் நிறைந்த ஏரியா. குடும்பத்தோடு வருகிறீர்கள் என்றால் ரயிலில் இன்னும் ஒரு ஸ்டேஷன் தள்ளி, போர்ன்வில்லையும் பார்த்துவிடுங்கள்.

ஸ்டேஷனுக்கே கேட்பரி ஊதா நிறம் அடித்திருக்கும், காற்று வாகாக வீசினால் சாக்லேட் வாசமும் வரும். ரிச்சர்டு, ஜார்ஜ் கேட்பரி சகோதரர்கள் நகர நெரிசலை விட்டு 1879இல் ஆலையை இங்கே கொண்டுவந்தபோது சுற்றிலும் வயல்தான். 1893இல் ஜார்ஜ் பக்கத்து நிலத்தை வாங்கினார், பிறகு அதில் தோட்டத்தோடு வீடுகள் கட்ட ஆரம்பித்தார். ஆலைத் தொழிலாளர்களுக்கு மட்டும் கட்டியதில்லை, வெளியாட்களும் குடிவந்தார்கள். 1900இல் எல்லாவற்றையும் போர்ன்வில் வில்லேஜ் டிரஸ்டிடம் ஒப்படைத்துவிட்டார்.

அந்த டிரஸ்ட் இன்றும் இருக்கிறது, நீங்கள் கவனிக்க வேண்டியதும் அதைத்தான். வீடு உங்கள் பேரிலேயே இருந்தாலும் ஜன்னலை மாற்றுவது, முன்பக்கத் தோட்டத்தைச் சிமென்ட் போட்டு கார் நிறுத்துவது போன்ற வெளிவேலைகளுக்கு அவர்களிடம் அனுமதி வாங்கவேண்டும், பராமரிப்புக் கட்டணமும் உண்டு. ஏஜென்ட் 'போர்ன்வில்' என்று விளம்பரம் போடுகிற எல்லா வீடும் டிரஸ்ட் எல்லைக்குள் இருக்காது, அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். எனக்கென்னவோ இந்தக் கெடுபிடி நல்லதாகத்தான் படுகிறது, தெருவுக்குத் தெரு மரமும் புல்வெளியும் மிஞ்சியிருப்பது அதனால்தான்.

அப்புறம், ஊருக்குள் பப் கிடையாது. கேட்பரி குடும்பத்தினர் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள், மதுவுக்கு எதிரானவர்கள். வேண்டுமென்றால் ரயில் பாதையைத் தாண்டினால் ஸ்டர்ச்லி, அங்கே தாராளமாக இருக்கிறது.

சனிக்கிழமை பசுமைத் திடல் பக்கம் போனால் பள்ளிக் கோபுரத்திலிருந்து மணியிசை கேட்கலாம். 48 மணிகள். வாசிப்பவர் மரப்பிடிகளைக் கை முஷ்டியால் குத்திக் குத்தி வாசிப்பார். பக்கத்திலேயே செல்லி மேனர், செல்லி ஓக்கில் இடிபட இருந்த பழைய மரச்சட்ட வீட்டை ஜார்ஜ் வாங்கிப் பிரித்து, இங்கே கொண்டுவந்து மறுபடி நிறுத்தினார். ஜார்ஜ் ஒருகாலத்தில் குடியிருந்த வுட்புரூக் வீடும் தொலைவில் இல்லை, 1931இல் காந்தி அங்கே வந்து தங்கியிருக்கிறார்.

முருங்கைக்காய், கறிவேப்பிலை மாதிரி நம்ம ஊர்ச் சாமான் என்றால் சோஹோ ரோடு வரை போகலாம். அது நகரத்தின் மறுகோடி என்பதால் மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.