காருக்கு அடியில் ஒரு அட்டை போதும், ஒழுகுவது எதுவென்று தெரிந்துவிடும்

ராத்திரி காரை நிறுத்தியதும் பழைய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து இன்ஜினுக்கு அடியில் விரித்துவிட்டு, முன்சக்கரங்கள் எந்தப் பக்கம் என்று பேனாவால் அதில் குறித்துக்கொள்ளுங்கள். சிமெண்ட் தரையில் எல்லாக் கறையும் கறுப்பாகத்தான் தெரியும், அட்டையில் நிறமும் தெரியும், சொட்டிய இடமும் தெரியும்.

பழுப்பு, கறுப்பு என்றால் இன்ஜின் ஆயில். இப்போதுதான் ஆயில் மாற்றினீர்கள் என்றால் முதலில் டிரெயின் போல்ட் (பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட்), அதன் வாஷர், ஆயில் ஃபில்டர் மூன்றையும் பாருங்கள். வாஷர் போயிருந்தால் செலவே கிடையாது என்று சொல்லலாம். பச்சை, ஆரஞ்சு, பிங்க் நிறத்தில் லேசான இனிப்பு வாடையோடு இருந்தால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்), ஹோஸ் கிளாம்ப் (அது போகும் குழாயை இறுக்கிப் பிடிக்கும் வளையம்) தளர்ந்திருந்தால் இறுக்கினாலே நின்றுவிடும் (இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு மட்டும்). சிவப்பு பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயில். வெறும் தண்ணீரா? அது ஏசி, விடுங்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில் வெளிர் மஞ்சளாக, வழவழவென்று இருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம், வண்டியை எடுக்கவே வேண்டாம், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

அடியில் பிளாஸ்டிக் கவர் உள்ள கார்களில் ஒழுகுவது ஓடிப்போய் வேறு இடத்தில் சொட்டும், அதனால் நிறத்தை நம்பலாம், இடத்தை நம்ப முடியாது. அப்புறம், இன்ஜின் சூடாக ஓடும்போது மட்டும் கசிவதும் உண்டு. அதற்கு அட்டை உதவாது.